ஆபிரகாம் வீட்டு மூன்றாம் படி

எனக்குக் கோபம் வந்தால் வேலை நன்றாக வரும் என்று என் மனைவி காந்தா சொல்வாள். நிஜம்தான். கோபத்தோடு நான் பூசின சுவர் எதுவும் இதுவரை என்னைக் காட்டிக் கொடுத்ததில்லை. ஒரே ஒரு தடவை கோபமே இல்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சந்தோஷமாக ஒரு வேலை செய்தேன். அது ஏழு மாதம் என்னைத் தலை நிமிர விடவில்லை.

நான் பூவரசன், கொத்தனார். வீடு பழவேற்காட்டில். ஏரியைச் சுற்றியிருக்கிற குப்பங்களிலும், உள்ளே திருப்பாலைவனம் பக்கத்து விவசாயிகள் வீடுகளிலும் வேலை செய்வேன். காந்தாதான் எனக்குச் சித்தாள். அவள் சாந்து கலக்க, நான் பூச, பத்தொன்பது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து வேலை செய்கிறோம்.

ஆபிரகாம் அண்ணன் வீடு அவருடைய தாத்தா கட்டியது. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் தெருவரைக்கும் வரும் என்பதால் வாசலை உயர்த்தி ஐந்து படி வைத்திருந்தார்கள். கால் வைக்கிற இடம் கல் பலகை. படியின் முகமும் இரண்டு பக்கத்துக் கைப்பிடிச் சுவரும் செங்கல், அதன்மேல் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. உப்புக் காற்றில் பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்துவிட்டது. கல்லின் ஓரங்களும் தேய்ந்து, ஏறுகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். போன வருடம் மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"சொந்தக்காரங்கோ எல்லாம் வராங்கோ மேஸ்திரி. வாசல் சோக்கா இருக்கணும்."

சுண்ணாம்புப் பூச்சுக்கு நாளாகும். சிமெண்டில் பூசித் தருகிறேன் என்றேன். சரி என்றார். கடைசி நாள் காந்தா எளாவூரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம் பார்த்தால் மூன்றாம் படி மட்டும் பாக்கி, மணல் தீர்ந்துவிட்டது. பொன்னேரியிலிருந்து லாரி வர மறுநாள் சாயந்திரம் ஆகும். மறுநாள் காலையில் கொடியேற்றம். ஏரிக்கரை கூப்பிடு தூரம். நாலு சட்டி மணல்தானே.

ஏரி மணலில் உப்பு இருக்கும், அது பூச்சை அரித்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சந்தேகமான மணல் என்றால் கொத்தனார்கள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்போம். கரித்தால் கொட்டிவிடுவோம். நானும் வைத்துப் பார்த்தேன். கரிக்கவே இல்லை. ஏன் கரிக்கவில்லை என்றால், பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் ஆபிரகாம் அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா எனக்குப் பழைய சோறும் வறுத்த நெத்திலிக் கருவாடும் போட்டிருந்தார். கருவாடு தின்ற நாக்குக்கு ஏரித் தண்ணீரே நல்ல தண்ணீராகத்தான் தெரியும். வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொரு தடவை வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் கரிக்கும் என்று தெரிந்துதான் பார்க்கவில்லை.

திருவிழா நன்றாக நடந்தது. வந்தவர்கள் எல்லாம் படியைப் பார்த்து மெச்சினார்கள். நானும் மறந்துவிட்டேன்.

ஐப்பசி மழை விட்டதும் மூன்றாம் படி பூக்க ஆரம்பித்தது. மற்ற நாலும் சுத்தமாக இருக்க, இதில் மட்டும் வெள்ளை வெள்ளையாக உப்பு. அந்தத் தெரு வழியாகப் போகும்போது செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் மாதிரி குனிந்து, துண்டால் படியைத் துடைத்துவிட்டு வந்தேன். இரண்டு தடவை அப்படிச் செய்தேன். பூச்சு விரல் பட்டாலே உதிர்ந்தது. உள்ளே ஊதிக்கொண்டு நின்றது. உண்மையைச் சொல்லி உடைத்துப் பூசித் தந்திருக்க வேண்டும். பொங்கல் கழியட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம் பிலோமினா அக்கா படியில் விழுந்து வலது கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மூன்றாம் படியின் பூச்சு ஒரு முழத்துக்குப் பெயர்ந்து கிடந்தது.

ஆபிரகாம் அண்ணனைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவர் மீன் ஏலம் விடுகிறவர். படகு வந்து இறால் கூடையும் நண்டுக் கூடையும் இறங்கியதும் அவர் தொண்டையைத் திறந்தால் அக்கரையில் வலை உலர்த்துகிறவனும் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டைதான் மறுநாள் காலையில் இரண்டு கூடைகளுக்கு நடுவே என் பெயரைச் சொன்னது.

"பூவரசன் போட்ட படி! எட்டு மாசம் தாங்கல! என் பொண்டாட்டி கை பூட்ச்சு! அவனாண்ட வேல குடுக்கறவங்கோ ஆஸ்பத்திரிக்கும் சேத்து சொல்லி வெச்சுக்கோங்கோ!"

சிரித்தார்களாம். மத்தியானத்துக்குள் ஏரிக்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயந்திரம் பிரபாகரன் என்பவர், அவருடைய மதில் சுவரில் பாதி கட்டியிருந்தேன், மீதியை வேறு ஆள் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர். யாரும் முகத்துக்கு நேரே திட்டவில்லை. பார்த்தால் என் கையைத்தான் பார்த்தார்கள்.

காந்தா சும்மா இருப்பாளா? தண்ணீர்க் குழாயடியில், மீன் கடையில், பஸ்ஸில் எல்லாம் சண்டை போட்டாள். "என் புருசன் வேலைல எவனாச்சும் குத்தம் கண்டுபுடிச்சா நான் மொட்ட போட்டுக்கறேன்" என்று நடுத்தெருவில் சத்தியம் செய்துவிட்டு வந்தாள். எனக்கு ஊர் பேசினதைவிட அதுதான் தாங்கவில்லை. நானும் ஊர்க்காரர்களை எதிர்த்துப் பேசினேன், கத்தினேன், கை ஓங்கிக்கொண்டுகூடப் போனேன். தப்புச் செய்தவனுக்குத்தான் சத்தம் அதிகம் வருகிறது.

பிறகு பொன்னேரியில் ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிற வேலையில் இருவரும் கூலிக்குச் சேர்ந்தோம். விடிவதற்கு முன்னால் பஸ் ஏறினால் இருட்டும்போது வருவோம். ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பஸ் ஆபிரகாம் அண்ணன் தெருமுனையில்தான் நிற்கும். பிலோமினா அக்கா தையல்காரி. கோயில் பீடத்துக்கு விரிப்பெல்லாம் அவர்தான் தைப்பார். கட்டுப் போட்ட கையோடு, மூடி வைத்த மிஷின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பதை ஒரு நாள் அவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். அந்தக் கையை நான்தானே உடைத்தேன்? நாலு சட்டி மணலுக்காக ஒரு மனுஷியின் கையை உடைத்துவிட்டு ஊரெல்லாம் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறேனே?

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"தம்பி, பிலோமினா பேசறேன். படி வேல கீது. நீயே வந்து செஞ்சி குடு."

"நானாக்கா?" என்றேன்.

"நீதான். வேற ஆளு வேணாம்."

காந்தா துள்ளினாள். "ஊர் முன்னாடி மானத்த வாங்கினு, இப்போ வேலைக்கி கூப்புடுறாங்களா? வெக்கமா இல்ல? நீ போவாதய்யா."

போகிறேன் என்றேன். காரணம் சொல்லவில்லை. வேறு கொத்தனார் வந்து அந்தப் படியை உடைத்தால், ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பான். அவன் கருவாடு தின்றுவிட்டு வருவான் என்று என்ன நிச்சயம்?

போனபோது ஆபிரகாம் அண்ணன் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு இஷ்டமில்ல மேஸ்திரி. அவ புடிவாதம். இந்த வாட்டியாச்சும் ஒழுங்கா போடு."

காந்தா வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

இந்த முறை அவசரம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பழைய கட்டடத்தில் ஏழு மாதம் மண் சுமந்ததில் ஒன்று கற்றுக்கொண்டிருந்தேன். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசினால், நல்ல மணல் போட்டாலும் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஈரத்தோடு உப்பும் மாட்டிக்கொண்டு செங்கல்லையும் கல்லையும் தின்னும். அதனால் ஐந்து படியிலும் நான் பூசின சிமெண்டை உளி வைத்துக் கொத்தி எடுத்தேன். நானே பூசினதை நானே கொத்தினேன். மற்ற படிகளில் அது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. மூன்றாம் படியில் கரண்டி நுனி பட்டதும் கொட்டியது. அந்தக் குப்பையை மட்டும் தனிச் சாக்கில் அள்ளிக் கட்டிவைத்தேன். காந்தா கவனித்தாள்.

உப்பை முதலில் உலர்ந்தபடியே தூரிகையால் தட்டி எடுத்தோம். தண்ணீர் ஊற்றினால் அது மறுபடி கல்லுக்குள்ளேயே போய்விடும். பிறகு பழைய செய்தித்தாளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, செங்கல்லின்மேல் அப்பிவிட்டோம். காயும்போது கூழ் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். உரித்துப் போட்டுவிட்டு மறுபடி அப்ப வேண்டும். இப்படி மூன்று தடவை, இரண்டு வாரம். எங்கள் தெருக் குழாயில் வருகிற தண்ணீரே கரிப்பு என்பதால் இதற்குக் கேன் தண்ணீர் வாங்கினேன். குடிக்கிற தண்ணீரைச் சுவருக்குக் கொடுக்கிறானே என்று தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த இரண்டு வாரமும் வீட்டார் பின்பக்க வாசல் வழியாகப் போய்வந்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு டிரம்மில் ஊறிக்கொண்டிருந்தது.

பிலோமினா அக்கா தினமும் நிலைப்படிக்கு உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். இடது கையால் டீ டம்ளரை நீட்டுவார். வலது கை விரல்கள் முழுவதும் மடங்கவில்லை. என்னிடம் ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கும், பிறகு டீ ஆறுகிறது என்பார். திட்டுவதற்குத்தான் வார்த்தை தேடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் படியின் கல் பலகைதான் கடைசிச் சிக்கல். மேல்பக்கம் உப்பு தின்று இதழ் இதழாக உரிந்திருந்தது, விளிம்பும் போய்விட்டது. புதுக் கல் வாங்கலாமா என்றார் ஆபிரகாம் அண்ணன். வேண்டாம், திருப்பிப் போட்டுப் பார்ப்போம் என்றேன். அவரும் நானும் கடப்பாரை போட்டு நெம்ப, காந்தா உருளைக் கட்டை கொடுக்க, மூச்சு முட்டத் தூக்கிப் புரட்டினோம். அடிப்பக்கம் அன்றைக்குக் கொத்தின மாதிரியே இருந்தது. கல் தச்சனுடைய உளித் தடம் வரிவரியாக, கால் வழுக்காதபடி. அண்ணன் உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தார்.

"தாத்தா காலத்துலருந்து இத்த தலைகீழா போட்டு மெறிச்சிகினு இருந்தோமா?" என்றார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதை என்னிடம் காட்ட மனமில்லாமல் மீனுக்கு ஐஸ் வண்டி வந்திருக்கும் என்று கிளம்பிப் போனார். காந்தா கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் கடைக்குப் போனாள்.

கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் உட்கார வைத்து மட்டம் பார்த்தேன். அக்கா ஸ்டூலில் இருந்தார். தெருவில் ஆள் இல்லை. படி முடியப் போகிறது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் அந்தக் குப்பைச் சாக்கை ஏரியில் கொட்டிவிட்டு, சாகிறவரை அதைச் சுமந்துகொண்டு திரிவேன் என்று தெரிந்தது.

"அக்கா," என்றேன்.

"இன்னா தம்பி?"

"போன வாட்டி இந்த மூணாம் படிக்கு ஏரிக்கர மணல போட்டேன். மணல் தீந்து பூட்ச்சு. லாரி வரல. நீங்க சோறு போட்டீங்களே, அப்பால நாக்குல வெச்சி பாத்தேன், கரிக்கல. ஆனா அது கருவாட்டு வாயின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். உப்பு பூத்ததையும் பாத்தேன். சொல்லல. உங்க கை என்னாலதான்கா பூட்ச்சு."

மட்டப்பலகையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் பிலோமினா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா," என்றேன்.

"டேய், நீ சும்மா இருடா," என்றார் அக்கா. "நான் படியில விழவே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"எலிசபெத்து கிறிஸ்துமஸுக்கு வந்தா இல்ல?" எலிசபெத் அவருடைய மகள், பொன்னேரியில் வேலை பார்க்கிறாள். "அவ ஸ்கூட்டிய கொல்லப்பக்கம் நிறுத்தியிருந்தா. மத்தியானம் எல்லாரும் தூங்கறாங்கோ. சாவி கீது. எனக்கு ரொம்ப நாளா ஆச தம்பி. இவராண்ட முப்பது வருசமா கேக்கறேன், எனக்கும் ஒரு வண்டி கத்துக் குடுன்னு. நீ உக்காந்தா வண்டி அழும்னு எல்லார் முன்னாடியும் சொல்லி சிரிப்பாரு. சரி, ஒரே ஒரு வாட்டி உக்காந்து பாப்போம்னு சாவிய போட்டேன். கைய திருவினேன். அது எகிறிக்கினு போயி தென்னமரத்துல முட்டிச்சு. வண்டி மரத்து மேல சாஞ்சிகினு நிக்குது, நான் ஒரு பக்கம் கெடக்கறேன்."

"அப்பால?"

"அப்பால எழுந்து வந்து வாசப்படில உக்காந்தேன். வலி தாங்கல. கத்திட்டேன். இவரு ஓடி வந்தாரு. இன்னாடி ஆச்சுன்னாரு. வண்டின்னு சொல்ல வாய் வரல. விழுந்துட்டேன்னு மட்டும் சொன்னேன். காலாண்ட பூச்சு பேந்து கெடந்துச்சு, அது எப்போ பேந்துச்சோ. இவரு அத்த பாத்தாரு. மிச்சமெல்லாம் இவரே சொல்லிகினாரு."

இரண்டாம் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கையை நான் உடைக்கவில்லை. ஏழு மாதமாக மார்பின்மேல் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போய்விட்டது. எனக்கும் அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. வரத்தானே செய்யும்.

"ஏழு மாசம்கா! ஊர்ல ஒருத்தன் என்ன வேலைக்கி கூப்புடல! பஸ்ஸுல மூஞ்சிய மறச்சிகினு போயிகினு இருந்தேன்! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லணும்னுதான் உன்னையே கூப்புட்டேன். பதினஞ்சி நாளா டீ குடுத்துகினு வாய தொறக்கறேன், வரல. நீ இன்னா, நீ மட்டும் உடனே சொல்ட்டியா?"

நான் மட்டப்பலகையை எடுத்து மறுபடி கல்லின்மேல் வைத்தேன்.

தெருப் பக்கம் 'தொப்' என்று சத்தம் கேட்டது. காந்தா தண்ணீர்க் கேனைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். எப்போது வந்தாளோ, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ஏரி மணலா?" என்றாள் என்னைப் பார்த்து. "ஏரி மணலாய்யா? நான் மொட்ட போட்டுக்கறேன்னு ஊர் பூரா சத்தியம் பண்ணிகினு திரியறேன், நீ பாத்துகினு கம்முனு இருந்தியா?" பிறகு அக்காவைப் பார்த்தாள். "நீங்க வேற! மாதா படத்த ஊட்ல மாட்டிகினு!" இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா சேந்தீங்க ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டு, கேனில் மிச்சமிருந்த தண்ணீரில் எனக்கு முகம் கழுவ ஊற்றினாள். கோபம் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. வீட்டுக்குப் போனால் இருக்கிறது.

சாயந்திரம் ஆபிரகாம் அண்ணன் வரும்போது படிமுகத்தில் சுண்ணாம்புப் பூச்சு ஏறிக்கொண்டிருந்தது. யார் முதலில் சொல்வது என்று அக்காவும் நானும் பார்த்துக்கொண்டோம். நானே ஆரம்பித்தேன். மணல் விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னேன்.

"பாத்தியா!" அண்ணனின் தொண்டை திறந்தது. எதிர்வீட்டு ஜன்னலும் திறந்தது. "நான் அன்னிக்கே சொன்னேன்! நான் சொன்னனா இல்லியா! இவன் போட்ட படியிலதான்..."

"படி இல்ல," என்றார் பிலோமினா அக்கா. ஸ்டூலிலிருந்து எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வண்டி."

"எந்த வண்டி?"

"எலிசபெத்து வண்டி. நான் ஓட்டுனேன். விழுந்தேன். படில ஒண்ணும் விழல."

அண்ணன் அவரையே பார்த்தார். "நீ ஓட்டுனியா?"

"தென்னமரம் வரைக்கும்."

இதோ ஆரம்பிக்கப் போகிறார், ஊரே சிரிக்கப் போகிறது என்று நினைத்தேன். அக்காவும் அதைத்தான் நினைத்திருப்பார்; கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் சத்தம் வரவில்லை. ஆபிரகாம் அண்ணனுக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏன் பிலோமி, எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி," என்றார் அக்கா. அதைத் திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார்.

அண்ணன் கைப்பிடிச் சுவரில் உட்காரப் போனார். பூச்சு ஈரம் என்று நான் கத்தினேன். அப்படியே தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பூச்சை முடித்து, அது வெடிக்காமலிருக்க ஈரச் சாக்கைப் படியின்மேல் போர்த்திவிட்டுக் கிளம்பினோம்.

மறுநாள் விடியற்காலையில் சாக்கை நனைப்பதற்காக வந்தேன். நேர் வழி ஏலம் நடக்கிற இடத்தைத் தாண்டிப் போகும். ஏழு மாதமாகச் சுற்று வழியில் போய்க்கொண்டிருந்தவன், அன்றைக்கு ஏனோ நேர் வழியிலேயே வந்தேன். படகுகள் ஒதுங்கியிருந்தன. ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். என்னைப் பார்த்ததும் ஆபிரகாம் அண்ணன் ஏலத்தை நிறுத்தினார்.

"மேஸ்திரி, இங்க வா."

போய் நின்றேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேளுங்கோ! அன்னிக்கி இதே எடத்துல நின்னுகினு இவர பத்தி ஒண்ணு சொன்னேன். அது தப்பு. என் சம்சாரம் படில விழல. ஸ்கூட்டி ஓட்டி விழுந்துச்சு. நான் கேக்காம கொள்ளாம இவர் தலைல போட்டுட்டேன். இத்த ஏலத்துல சொல்லுன்னு அவளே சொல்லி அனுப்பினா. வர்ற ஞாயித்துக்கெழமலருந்து அவளுக்கு நான்தான் வண்டி கத்துக் குடுக்கப் போறேன். சிரிக்கறவங்கோ இப்பவே சிரிச்சிடுங்கோ!"

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். யாரோ என் தோளைத் தட்டினார்கள். பிரபாகரன்கூட அந்தக் கூட்டத்தில் நின்று, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அண்ணன் மணலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார், விட்டுவிட்டேன் போ என்கிற மாதிரி. அடுத்த கூடைக்குக் கையை நீட்டினார்.

அவ்வளவுதான். என் பெயர் கழுவித் துடைத்துக் கைக்கு வந்துவிட்டது. பேசாமல் போய்ச் சாக்கை நனைக்கலாம். ஊரில் என்னைத் தவிர மணல் விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான், மூன்று பேரும் இனி வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். அதற்கு மேல் கால் போகவில்லை. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. மறுபடியும் வாயைக் கொப்பளிக்காமல் போகிறாயேடா என்று.

"அண்ணே, இருங்கோ," என்றேன். திரும்பினேன். அவரைப் போல எனக்குத் தொண்டை இல்லை, இருந்தாலும் கத்தினேன். "அக்கா கை என்னால ஒடையல. ஆனா அந்தப் படி கெட்டது என்னாலதான். மூணாம் படிக்கு ஏரிக்கர மணல போட்டேன். தெரிஞ்சே போட்டேன். இப்போ கொத்திட்டு நல்லதா போட்டிருக்கேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. நண்டுக் கூடையில் நண்டுகள் சுரண்டுகிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஞானதாஸ் என்கிற படகுக்காரர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டுச் சமையலறையை நான்தான் கட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ எங்க ஊட்டு சொவுத்துக்கு இன்னா மணலு போட்ட?"

"லாரி மணலு. ஏரி மணலு ஒரு சட்டிகூட இல்ல."

நேற்றுவரைக்கும் இதே பதிலைக் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். ஞானதாஸ் இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"சரி," என்றார். "மொட்டமாடில தளம் ஒழுவுது. மழைக்கி முன்னாடி வந்து பாரு."